ஊதா விளக்கோடு இரண்டரை வருடம்

போன வாரம்தான் விளக்கைப் பழுது பார்த்து வாங்கி வந்தேன். அன்று சாயந்தரமே நண்பன் ஒருவன் கேட்டான்: "ஏல, அந்த யுவி லைட்டு இப்ப ஆயிரத்து நூறு ரூவாதான் போட்டிருக்கான். வாங்கலாமா?" நான் வாங்கியபோது 1,900. அந்த எரிச்சலும் இதில் கலந்திருக்கும், கழித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

50 வாட், ஒளியின் அலைநீளம் 395 நானோமீட்டர். ஒளிரும் பெயின்டில் வரைந்ததை இருட்டில் மின்ன வைக்கும் விளக்கு. மற்றதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும். வாங்கியது ஒரே ஒரு போஸ்டருக்காக. பாளையங்கோட்டையில் விழாக்களுக்கு ரேடியோ செட், அதாவது ஒலிபெருக்கி, கட்டும் அத்தான், கடைச் சுவருக்கு ரேவ் பார்ட்டி மாதிரி ஒன்று வேண்டும் என்றார். 1988 வாக்கில் இங்கிலாந்தின் குடோன்களிலும் வயல்களிலும் விடிய விடிய ஆடிய ரேவ் கூட்டத்துக்கு மஞ்சள் ஸ்மைலி முகம்தான் அடையாளம். அதை நடுவில் வைத்து, வாய்க்குப் பதில் டிபி-303 என்ற இசைப் பெட்டியின் குமிழ்களை வரைந்தேன். பேஸ் கித்தாருக்கு மாற்றாக ரோலண்ட் என்ற ஜப்பான் கம்பெனி செய்து, விலைபோகாமல் 1984-ல் நிறுத்திய பெட்டி அது. அதைப் பழைய சாமான் விலைக்கு வாங்கிய சிகாகோப் பையன்கள் குமிழைத் திருகித் திருகித்தான் ஆசிட் ஹவுஸ் என்ற ஆட்ட இசை பிறந்தது. 1994-ல் பிரிட்டனில் ராத்திரித் திறந்தவெளிக் கூட்டங்களை அடக்கச் சட்டம் போட்டார்கள். அதில் திரும்பத் திரும்ப வரும் தாளத்தையே குற்றப் பட்டியலில் எழுதி வைத்தார்கள். அந்தச் சட்டம் இங்கே இருந்தால், கொடை விழாவில் முதலில் மாட்டுவது நையாண்டி மேளக்காரர். அடுத்தது அத்தான்.

வரைய இரண்டு நாள்தான் ஆனது. படம் எடுப்பதில்தான் உயிர் போகிறது. 395 முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஒளி இல்லை, கொஞ்சம் ஊதாவும் சேர்ந்தே வரும். நம் கண் அதைப் பொறுத்துக்கொள்ளும், கேமரா பொறுக்காது. கறுப்புப் பின்னணி முழுக்க நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஆகிவிடும். லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் ஃபில்டர் போட்டால் ஊதா போகும், கூடவே காகிதத்தின் நீல ஒளிர்வும் போய்விடும். ஆக, ஃபில்டரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என்று எடுத்துக் கணினியில் ஒட்ட வேண்டும். இரண்டரை வருடமாக ஒவ்வொரு முறையும் இதே கூத்து! விலை கூட என்று, ஊதா குறைவாக வரும் 365 நானோமீட்டர் விளக்கை விட்டது என் தப்பு. ஃப்ளோரசென்ட் பிங்க் தட்டையாக வருவது மட்டும் விளக்கின் குற்றமில்லை. படத்தின் சிவப்பு சேனல் நிரம்பித் தூரிகைத் தடம் மறைந்துவிடுகிறது, கேமராவுக்குள் போகும் வெளிச்சத்தை ஒன்றரை ஸ்டாப் குறைத்தால் சரியாகும்.

அந்த பிங்க் நாலு வண்ண அச்சில் வராது. சிவகாசியில் ஐந்தாவது மையாகப் போட்டுத் தருவார்கள்தான், செலவைக் கேட்டு அத்தான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதனால் கையால் வரைந்த அசலே கடையில் தொங்குகிறது.

அப்புறம் அந்த ராத்திரி. ஸ்மைலிக்கு வாங்கிய பெயின்ட் தீர்ந்துபோனது. அடுப்பங்கரை மஞ்சள்பொடியை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கரைத்து, வடிகட்டிப் பூசினேன். விளக்கைப் போட்டதும் எலுமிச்சை நிறத்தில் எரிந்தது! தண்ணீரில் கரைத்தால் இவ்வளவு வராது. மஞ்சளில் உள்ள குர்குமினுக்கு 395 நன்றாகவே ஒத்துப்போகிறது. "பொடி பூராத்தையும் காலி பண்ணிட்டியால?" என்று அம்மா கதவோரம் வந்து நின்றாள். காலையில் பூசிக் குளித்த மஞ்சள், அம்மாவின் காதோரம் மட்டும் லேசாக மின்னியது. படம் எடுக்கத் தோன்றவில்லை.

கடை வாசல் வெயில் மூன்றே மாதத்தில் பிங்கையும் மஞ்சளையும் குடித்துவிடும். மறுபடி வரைவேன், மறுபடி படம், மறுபடி நாவல்பழ நாக்கு. போன மாதம் மின்னழுத்தம் ஏறி இறங்கியதில், விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் போயிற்று. வண்ணார்பேட்டையில் 250 ரூபாயில் மாற்றித் தந்தார்கள்.

வாங்கலாமா என்றால், வேண்டாம். ரொம்ப ஆசையாக இருந்தால் என்னுடையதைக் கொண்டுபோல. வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தந்துவிடு, அத்தான் போஸ்டர் மறுபடி வெளுத்துக் கிடக்கிறது.