மூடியைத் தொலைத்த செப்டிக் டேங்க்

இந்த முறை அமெரிக்காவிலிருந்து ஊருக்குப் போனபோது ஆதார் திருத்தம், வங்கி வேலை, ரயில் முன்பதிவு எல்லாமே சொன்ன நேரத்தில் நடந்தன. ஆகவே அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது கொல்லைப்புறத்து செப்டிக் டேங்கைப் பற்றி. அதிலும் அதன் மூடியைப் பற்றி.

காவிரிப் படுகையில் வீடுகள் எப்படி நீளும் என்று தெரியும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கடைசியில் கொல்லை. கழிவுநீர் லாரி தெருவிலேயே நிற்கும், குழாய் வாசல் வழியே நுழைந்து கூடத்தைக் கடந்து பின்னால் போகும். அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டு ஜன்னல்கள் சாத்தியிருக்கும். இதெல்லாம் பழைய கதை. புதுக் கதை என்னவென்றால், வீட்டில் நடந்த ஒரு கல்யாணத்துக்காகக் கொல்லை முழுக்க பார்க்கிங் டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். டேங்கின் மூடி அதற்கு அடியில் போய்விட்டது. எந்த இடத்தில் என்று யாருக்கும் தெரியாது. கட்டிய மேஸ்திரி உயிரோடு இல்லை, டைல்ஸ் ஒட்டியவர் வெளியூர். "வேப்பமரத்துக்கு நேரா இருந்துச்சுப்பா" என்றார் சித்தப்பா. வேப்பமரம் வெட்டிப் பல வருஷம் ஆகிறது.

தெருவில் லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கொத்தனார் உத்தேசமாக உடைத்த முதல் இடத்தில் வெறும் ஸ்லாப்தான் இருந்தது. இரண்டாவது இடத்தில் மண். உறிஞ்சி எடுக்க அரை மணி நேரம் ஆகும் வேலைக்கு, தேடுவதற்கே அரை நாள் போயிற்று. இத்தனைக்கும் தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. டேங்க் மேல் நிற்கும், வாயு வெளியேறும் வென்ட் பைப்பை முதலில் பார்க்க வேண்டும். அது அநேகமாக டேங்கின் ஒரு ஓரத்தில்தான் ஏறும். அடுத்து, கழிப்பறையை ஒட்டிய சின்னத் தொட்டியின் மூடியைத் திறந்தால், வெளியே போகும் 110 மி.மீ. குழாய் எந்தத் திசையில் போகிறது என்று தெரியும். அதற்குள் நீளமான மூங்கில் பிளாச்சையோ பிளம்பரின் ஸ்பிரிங் கம்பியையோ விட்டு, முட்டும் இடம் வரை போன நீளத்தை அளந்து, அதே திசையில் தரையில் நூல் பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் கடப்பாரையின் பின்பக்கத்தால் தட்டினால் மண் மேல் மொத்தென்று கேட்கும், டேங்க் மேல் உள்ளீடற்ற சத்தம் வரும். மூடி பெரும்பாலும் குழாய் உள்ளே நுழையும் முனைக்கு நேர் மேலே இருக்கும். கண்டுபிடித்த பிறகு மெஷின் வைத்து வெட்டக் கூடாது. உள்ளே மீத்தேன் இருக்கும், ஒரு பொறி போதும். உளியும் சுத்தியலும்தான். பழைய ஸ்லாபில் கம்பி துருப்பிடித்து அரித்திருக்கும் என்பதால் நடு ஸ்லாபில் யாரும் நிற்கவும் கூடாது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் புறநகரங்களில் இதே டேங்கோடுதான் வாழ்கிறோம். பெரிய வேலையில் இருப்பவர்கள் குடியிருக்கும் ஊர்களில் கூடப் பல இடங்களில் பாதாளச் சாக்கடை கிடையாது. ஆனால் அங்கே டேங்க் புதைத்ததுமே ஒரு வரைபடம் நகர சுகாதார வாரியத்துக்குப் போய்விடும். வீட்டின் ஒரு மூலையிலிருந்து மூடிக்கு எத்தனை அடி, இன்னொரு மூலையிலிருந்து எத்தனை அடி என்று இரண்டு எண்கள் அதில் இருக்கும். இரண்டு டேப் பிடித்தால் இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மூடி. டைட்டில் 5 என்ற மாநில விதிப்படி, ஒரு மூடியாவது தரைமட்டத்திலிருந்து 6 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டை விற்பதென்றால், மாநில அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் வந்து திறந்து பார்த்துச் சான்று தர வேண்டும். அந்தச் சான்று இரண்டு வருஷம் செல்லும். அந்தப் பரிசோதகர் பயிற்சி எடுத்துத் தேர்வு எழுதியவர். ஒரு தடவை டேங்க் எடுக்க முந்நூறு, நானூறு டாலர் ஆகும் என்பது வேறு விஷயம். இங்கே ஒரு லோடு இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்தான். மிச்சமான பணம் டைல்ஸில் போயிற்று.

ஒருவழியாக மூடி கிடைத்ததும் அடுத்த பிரச்சினை தெரிந்தது. டேங்க் 8 அடி நீளம், 5 அடி அகலம், தண்ணீர் ஆழம் 6 அடி. சுமார் 6,800 லிட்டர். நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கில் நடுச்சுவர். அதுவரை கொத்தனார் சரியாகத்தான் கட்டியிருக்கிறார். ஆனால் மூடி முதல் அறைக்கு மட்டும்தான். இரண்டாம் அறைக்கு வழியே கிடையாது. முதல் அறையில் உறிஞ்சினால், நடுச்சுவர் துளையின் மட்டம் வரை இரண்டாம் அறைத் தண்ணீரும் இறங்கும். அதற்குக் கீழே இருக்கும் மண்டி அப்படியே கிடக்கும். அதோடு, ஒரு பக்கம் காலியாகவும் மறுபக்கம் நிறைந்தும் இருந்தால் அரைச்செங்கல் சுவர் அழுத்தம் தாங்காமல் சாயலாம். இத்தனை வருஷமும் "எடுத்தாச்சு" என்று நினைத்ததெல்லாம் பாதிதான்.

இந்த இடத்தில்தான் வீட்டார் ஒருவர், ஆள் இறங்கி வாளியால் அள்ளினால் முடிந்துவிடுமே என்றார். டிரைவர் குழாயைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். "உள்ள ஆள எறக்குறதுன்னா வேற வண்டியப் பாத்துக்கங்க சார்." பயணத்திலேயே மனசுக்கு நிறைவான வாக்கியம் அதுதான். முன்பெல்லாம் இப்படி ஒருவர் மறுத்துக் கேட்டதில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு இல்லாமல் ஆளை டேங்கில் இறக்கினால் முதல் குற்றத்துக்கே இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. சட்டத்தை விடுங்கள், காற்றைப் பாருங்கள். டேங்குக்குள் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவைத் தொட்டால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். "நாத்தம் போயிடுச்சு, இப்ப எறங்கலாம்" என்பது அதனால்தான் ஆளைக் கொல்கிறது. மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றாட விட்டது மேலே நின்று வேலை பார்க்கத்தான். உள்ளே இறங்க அது எந்த விதத்திலும் போதாது. ஒருவர் விழுந்தால் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பார், இரண்டு பேரும் போவார்கள். செய்தித்தாளில் அந்த வரிசையில்தான் பெயர்கள் வரும்.

ஆகவே மறுநாள் இரண்டாம் அறைக்கு மேல் 600 மி.மீ. அகலத்தில் உளியால் திறப்பு வெட்டி, இரண்டாவது லோடு எடுத்தார்கள். மண்டி தார் மாதிரி இறுகியிருந்தால் உறிஞ்சும் குழாய் மேலே நிற்கும் தண்ணீரை மட்டும் இழுத்துவிட்டு, கீழே இருப்பதைத் தொடாது. லாரியில் இருக்கும் தண்ணீரையே கொஞ்சம் திருப்பி அடித்து, நீளக் கழியால் கலக்கிவிட்டு இழுக்க வேண்டும். பல வண்டிகள் இதைச் செய்வதில்லை. தண்ணீரை மட்டும் ஒரு லோடு எடுத்துப் பணம் வாங்கிக்கொண்டு போய்விடும். ஆறே மாதத்தில் கழிப்பறை மறுபடி எதுக்களிக்கும்போது வீட்டார் டேங்கைத் திட்டுவார்கள். குழாய் நீளத்துக்கும் வரம்பு உண்டு. வெற்றிட பம்பு கொள்கையளவில் 10 மீட்டர் உயரம் இழுக்கும். நடைமுறையில் ஆறேழு மீட்டர்தான், ஒவ்வொரு இணைப்பிலும் காற்றுக் கசிந்து அதுவும் குறையும். கூடத்தைத் தாண்டிப் போகும் நம் ஊர்க் குழாயில் இணைப்புகளுக்குப் பஞ்சமில்லை.

எப்போது எடுப்பது என்பதற்கு வருஷக் கணக்கு போதாது. ஆறடிக்கு மேல் நீளமுள்ள கழியின் அடிப்பாதியில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டி, அடி வரை மெல்ல இறக்கி, மூன்று நிமிஷம் வைத்து நேராகத் தூக்க வேண்டும். மண்டி இருந்த உயரம் வரை துண்டில் கறுப்புப் படியும். தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை அது தொட்டால் லாரியைக் கூப்பிட வேண்டும். குனிந்து தலையை உள்ளே நீட்டக் கூடாது, அளந்த பிறகு துண்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். இதைச் செய்தால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டியிருக்கும். "பதினைஞ்சு வருஷமா எடுக்கவே இல்ல, அவ்வளவு நல்ல டேங்க்" என்று பெருமை பேசும் வீடுகளில் டேங்க் ஓட்டை என்று அர்த்தம். எல்லாம் மண்ணுக்குள் இறங்கி, பக்கத்துக் கிணற்றுக்குப் போகிறது.

நம் டேங்க் ஓட்டையா என்ற சோதனையும் நடந்தது. டேங்கில் ஒரு அடித் தண்ணீர் மட்டும் விட்டு நிறுத்தி, சுவரில் கரிக்கோடு போட்டு, அன்றிரவு யாரும் அந்தக் கழிப்பறைக்குப் போகவில்லை. காலையில் தண்ணீர் கோட்டுக்கு மேலே 4 அங்குலம். முதல் அறையில் மட்டும் சுமார் 250 லிட்டர். யாரும் ஊற்றாத தண்ணீர். பொங்கல் முடிந்த நேரம், வயலில் ஈரம் காயவில்லை, நிலத்தடி நீர் மேலே நிற்கிறது. விரிசல் வழியாக உள்ளே வருகிறது. சித்திரையில் இதே விரிசல் வழியாக வெளியே போகும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு விடுமுறை கிடைப்பது மார்கழி, தை. படுகையில் டேங்கைத் தொட உகந்த காலம் பங்குனி, சித்திரை. மழைக்காலத்தில் முழுக்கக் காலி செய்தால், பிளாஸ்டிக் டேங்காக இருந்தால் அடியிலிருந்து தண்ணீர் தள்ளி மிதந்து மேலே வரும். அந்த ஒரு அடியை விடச் சொன்னதும் டிரைவர்தான். இதையெல்லாம் அவருக்கு எந்தப் படிப்பும் சொல்லித் தரவில்லை.

பயிற்சி இல்லாமலும் இல்லை. தமிழ்நாடு அரசு 2014-லேயே உள்ளாட்சிகளுக்குக் கசடு மேலாண்மை வழிகாட்டி வெளியிட்டது. செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழியில் 2017-ல் மாநிலத்தின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. தமிழ்நாடு நகர்ப்புறத் துப்புரவு ஆதரவுத் திட்டத்தின் கீழ் கோவை, திருச்சி வட்டாரங்களில் கொத்தனார்களுக்கு டேங்க் கட்டும் பயிற்சியும் நடத்தியிருக்கிறார்கள். டேங்க் எடுப்பதற்கு 14420 என்று ஒரு உதவி எண்கூட இருக்கிறது. தெருவில் கேட்டால் அந்த எண் ஒருவருக்கும் தெரியவில்லை. மின்கம்பத்தில் பெயின்டால் எழுதிய லாரிக்காரர் நம்பர் எல்லாருக்கும் தெரிகிறது. அமெரிக்காவில் செப்டம்பரில் ஒரு வாரம் முழுக்க, வீட்டுக்காரர்களுக்கு டேங்க் பராமரிப்பைச் சொல்லித் தருவதற்கென்றே ஒதுக்கி, நகராட்சி துண்டறிக்கை அனுப்புகிறது. படிக்காமல் குப்பையில் போடுகிறவர்கள் அங்கேயும் நிறையப் பேர். வெளியேறும் நீரை வடிக்கும் நிலம் அடைத்துக்கொண்டு, அதை மாற்றச் சில பத்தாயிரம் டாலர் கேட்கும்போது தேடிப் படிக்கிறார்கள்.

மருந்துக்கடையிலும் ஆன்லைனிலும் விற்கும் பாக்டீரியா பவுடர் வேண்டாம். கழிவிலேயே தேவையான கிருமி இருக்கிறது. சாணிக் கரைசலும் வேண்டாம், நார்தான் சேரும். டைல்ஸ் கழுவும் ஆசிட்டை வாரா வாரம் ஊற்றினால் இருக்கிற கிருமியும் சாகும். நாப்கின், தலைமுடி, எண்ணெய் மூன்றும் கூடவே கூடாது.

பழைய டேங்கின் விரிசலைப் பூச ஆள் உள்ளே இறங்க வேண்டும். அதனால் அதைக் கைவிடுவது என்று முடிவாயிற்று: காலி செய்து, சுண்ணாம்பு தூவி, மணல் ரொப்புவது. புது டேங்குக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2470 போதுமான கணக்கு தருகிறது. வீட்டில் ஐந்து பேர், விசேஷத்துக்குப் பத்து. பத்துப் பேருக்கு 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எடுப்பதென்றால் தண்ணீர் ஆழம் 1.4 மீட்டர். மேலே 300 மி.மீ. வெற்றிடம். வெளிவாய் உள்வாயை விட 50 மி.மீ. தாழ்வு. இரண்டு வாயிலும் 110 மி.மீ. டீ, அதாவது T வடிவக் குழாய் இணைப்பு, கட்டாயம். டீ இல்லாவிட்டால் மேலே மிதக்கும் கழிவுப் படலம் நேராக வெளியே போய் வடிகாலை அடைக்கும். ஊரில் நூற்றுக்குப் பாதி டேங்கில் டீ இருக்காது என்று பந்தயமே கட்டலாம். இரண்டு அறைக்கும் தனித்தனி மூடி. வென்ட் பைப் கூரைக்கு மேல் 2 மீட்டர், நுனியில் கொசுவலை.

சிக்கல் வெளியேறும் நீரில்தான். அதை மண்ணில் இறக்கும் உறிஞ்சு குழிக்கும் கிணற்றுக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது அதே தரம். மாசசூசெட்ஸில் 100 அடி. இங்கே கிணறு 20 அடி தூரத்தில் இருக்கிறது, பக்கத்து வீட்டுக் கிணறு அதைவிடக் கிட்டே. குடிநீர் கூட்டுக் குடிநீர்க் குழாயில் வருவதால் தப்பித்தோம். அதோடு மழைக்காலத்தில் இந்த மண்ணில் உறிஞ்சு குழி உறிஞ்சாது, ஊறும். மாசசூசெட்ஸில் வடிகால் அடிமட்டத்துக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே குறைந்தது 4 அடி காய்ந்த மண் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மண்ணைக் கொட்டி மேடு எழுப்புவார்கள். கொல்லையிலும் அதையேதான் செய்யச் சொல்லியிருக்கிறது: தரைக்கு மேலே இரண்டடி மேடு, உள்ளே ஜல்லியும் மணலும், மேலே கல்வாழை. மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. தெருச் சாக்கடையில் ஒரு குழாய் விட்டால் முடிந்ததே என்றார், தெரு முழுக்க அப்படித்தான் என்றார். அது உண்மையும்கூட.

மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வருவதற்கு முன், சித்திரையில் வேலை. முன்பணம் கொடுத்தாயிற்று. கட்டி முடித்த டேங்கில் விளிம்பு வரை தண்ணீர் ரொப்பி, 24 மணி நேரம் கழித்து மட்டம் இறங்காமல் நிற்கும் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால்தான் மீதிப் பணம்.