நெடுந்தீவா, சுண்டிக்குளமா?

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான்: “ஒரு நாள்தான் கையில இருக்கு, நெடுந்தீவுக்குப் போறதோ, சுண்டிக்குளத்துக்குப் போறதோ?” நெடுந்தீவு யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலில் உள்ள தீவு, சுண்டிக்குளம் வடக்கின் களப்புக்கரை. இரண்டிலும் 2015இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. எந்த மாதம் வருகிறீர்கள் என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன்.

தை, மாசி என்றால் நெடுந்தீவு. மாரி ஓய்ந்து வெளியெல்லாம் புல் பச்சைபிடித்திருக்கும். தீவின் தெற்குப் பக்கம் மட்டக்குதிரைகள் கூட்டமாய் மேயும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அவை. ஆடி, ஆவணியில் அதே வெளி காய்ந்து கிடக்கும், குதிரைகள் தண்ணீருக்கு அலையும். விலா எலும்பு தெரிய நின்ற ஒன்றைக் கண்ட பிறகு, கோடையில் யாரையும் அங்கே கூட்டிப்போக எனக்கு மனம் வருவதில்லை. சோழகக் காற்றில் கடலும் சும்மா இராது. சின்னப்பிள்ளைகளோடு படகில் பெரும்பாடு.

யாழ்ப்பாணத்தில் 776 பஸ் பிடித்தால் வேலணை கடந்து புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து நெடுந்தீவின் மாவிலித்துறைக்குப் படகில் ஒரு மணித்தியாலம் அளவில். ஏறும்போதே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதை விட்டால் இரவு தீவில்தான். இறங்கியதும் ஆட்டோ பேசி நேரே குதிரைகளிடம் போங்கள். பெருக்கு (பாவோபாப்) மரமும் ஒல்லாந்தர் கோட்டையும் முருகைக்கல் மதில்களும் எங்கேயும் ஓடிவிடாது, அப்புறம் பார்க்கலாம். குதிரைக்குப் பாண் நீட்ட வேண்டாம். கொண்டுபோகும் தண்ணீர்ப் போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

சுண்டிக்குளம் 1938இலேயே சரணாலயம் ஆன இடம். கார்த்திகை முதல் பங்குனி வரை வலசைப் பறவைகள் வரும். பூநாரைக் கூட்டம் களப்பில் நிற்கும் நாளில் போனால் கண் எடுக்க மாட்டீர்கள். ஆனால் அவை தூரத்தில்தான் நிற்கும், தொலைநோக்கி இல்லாவிட்டால் பிள்ளைகள் அரை மணியில் சலித்துவிடுவார்கள். இயக்கச்சிப் பக்கம் திரும்பிப் போக வேண்டும், மணல் பாதை, சொந்த வாகனம் தேவை.

கோடையில் வருபவர்களுக்கு நான் நயினாதீவைச் சொல்வேன். அதே குறிகட்டுவானில் படகு, சுமார் இருபது நிமிடம், நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு மதியத்துக்குள் திரும்பலாம்.

தை, மாசியில் இரண்டுக்கும் வழியிருந்தால் நான் நெடுந்தீவுக்கே போவேன். அம்மம்மாவும் வருவதென்றால் மட்டும் சுண்டிக்குளம். முழங்கால் வலியோடு அவரைப் படகில் ஏற்றி இறக்குவதை விட, வாகனத்தில் இருந்தபடியே பூநாரை காட்டுவது நல்லது.