மஞ்சக் கடுதாசியா, மக்கள் நீதிமன்றமா? நீலகிரியில் கடன் முற்றியவருக்கு எது பொருந்தும்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர் கடனில் சிக்கினால், வீட்டு பீரோவில் பெரும்பாலும் நாலு விதத் தாள் இருக்கும்: நகையடகு ரசீது, மகளிர் குழுக் கடன் அட்டை, தெரிந்தவருக்கு எழுதிக்கொடுத்த புரோ நோட்டின் நகல், வங்கியின் தனிநபர் கடன் தாள். "பேசாம ஐ.பி. போட்டுடு" (கடனைக் கட்ட வழியில்லை என்று நீதிமன்றத்தில் போடும் நொடிப்பு மனு, பேச்சு வழக்கில் மஞ்சக் கடுதாசி) என்று டீக்கடையில் சொல்பவர் இந்த நாலையும் ஒன்றாகவே நினைக்கிறார். சட்டம் அப்படி நினைப்பதில்லை. எந்த வழி நல்லது என்பதைத் தொகை தீர்மானிப்பதில்லை; கடன் எந்தத் தாளில் நிற்கிறது, அதில் வேறு யார் கையெழுத்து இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

ஓர் உதாரணக் கணக்கு. நகைக் கடன் 1,20,000, குழுக் கடன் 60,000, மூணு வட்டிக்கு வாங்கிய புரோ நோட்டு 1,00,000, ஜாமீன்தாரர் ஒருவரோடு எடுத்த தனிநபர் கடன் 1,80,000. மொத்தம் 4,60,000. சொத்து 50 சென்ட் தேயிலை, குடியிருக்கும் வீடு.

வட்டியை மாற்றுவது

மூணு வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம், மாதம் 3,000 ரூபாய். வீட்டில் அடகு வைக்காத நகை இருந்து, அதன்மேல் ஒரு வட்டிக்குக் கடன் கிடைத்தால் அதே ஒரு லட்சத்துக்கு மாதம் 1,000தான். இரண்டாயிரம் மிச்சம். எளிதான வழி இதுதான், ஆனால் கடன் குறைவதில்லை, இடம் மாறுகிறது, அவ்வளவே. மிச்சமாகும் இரண்டாயிரத்தை அசலில் கட்டாதவருக்கு 12 மாதம் கழித்து நகை ஏலத்துக்கு வரும். நகையைத் திருப்ப இன்னொரு தண்டல்காரரிடம் போனால் முன்பைவிட மோசம்.

கூடலூர், பந்தலூரில் இந்த வழி இன்னும் குறுகல். 1969-ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் கிடக்கும் நிலத்துக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாத நிலத்தை வங்கி அடமானமாக எடுக்காது. நகையும் குழுக் கடனும்தான் மிச்சம்.

ஒரே தவணைத் தீர்வு, மக்கள் நீதிமன்றம்

வங்கியோடு பேசித் தொகையைக் குறைப்பது ஒரே தவணைத் தீர்வு. தவணை 90 நாளுக்கு மேல் தவறி வாராக் கடன் ஆன பிறகே பெரும்பாலும் இந்தப் பேச்சு எடுபடும். வசூல் ஏஜென்ட் போனில் சொல்லும் தொகைக்கு மதிப்பில்லை. கடன் எண், தொகை, கடைசித் தேதி, 'முழுமையான இறுதித் தீர்வு' என்ற வாசகம் ஆகிய நாலும் உள்ள கடிதம் கையில் வந்த பிறகு, கடன் கணக்கிலேயே பணத்தைக் கட்ட வேண்டும். ஏஜென்டின் சொந்த ஜி-பே எண்ணுக்கு அனுப்பி ஏமாந்தவர்கள் ஏராளம்.

விலையும் உண்டு. சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்ற சொல் பல ஆண்டு நிற்கும். ரிசர்வ் வங்கியின் 2023 ஜூன் விதிப்படி, விவசாயம் அல்லாத கடனைச் சமரசமாக முடித்தால் அதே நிறுவனம் குறைந்தது 12 மாதத்துக்குப் புதுக் கடன் தரக் கூடாது.

இதே பேச்சை உதகையில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் மக்கள் நீதிமன்றத்தில் (சமரசமாகத் தீர்க்கும் லோக் அதாலத்) நடத்தினால் நீதிமன்றக் கட்டணம் இல்லை. வழக்கு போடும் முன்பேகூட மனு கொடுக்கலாம். விசாரிக்க 15100 எண். புரோ நோட்டுக்காரரையும் அங்கே உட்கார வைக்க முடியும் என்பது வங்கியோடு தனியாகப் பேசுவதில் இல்லாத வசதி. ஆனால் அங்கே போடும் கையெழுத்து நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. தவணை தவறினால் நேராக நிறைவேற்று மனுதான், அதாவது தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் மனு. ஆகவே தவணையைக் கொழுந்துக் கணக்கோடு பொருத்திக் கேளுங்கள்: பனி விழும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குறைவாக, கொழுந்து குவியும் மாதங்களில் கூடுதலாக. மாதா மாதம் சமமாக ஒப்புக்கொண்டவர் ஜனவரியில் தவறுகிறார்.

ஐ.பி. எனும் மஞ்சக் கடுதாசி

சென்னைக்கு வெளியே இதற்குரிய சட்டம் 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். 2016-இல் வந்த புதிய திவால் சட்டத்தில் ஏழைக் கடனாளிக்கு 'புதுத் தொடக்கம்' உண்டு என்று இணையத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றவர்களைத் தவிர, தனிநபர்களுக்கு அந்தப் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

பழைய சட்டப்படி கடன் 500 ரூபாயைத் தாண்டினாலே மனு போடலாம். மனுவில் காட்ட வேண்டியவை: கடன் கொடுத்த எல்லாரின் பெயர், முகவரி, தொகை. எல்லாச் சொத்தும் அதன் மதிப்பும். முன்பு மனு போட்டிருந்தால் அந்த விவரம். கடன் கொடுத்த ஒருவரை வேண்டுமென்றே விட்டால் மனுவே சந்தேகத்துக்கு உள்ளாகும். வக்கீல் நோட்டீஸ் போனதுமே கடன் ஒழிந்தது என்பது வெறும் நம்பிக்கை. நீதிமன்றம் 'நொடித்தவர்' என்று உத்தரவு போட்ட பிறகே, அனுமதியின்றிப் புது வழக்கு தொடுக்க முடியாத நிலை வரும். அதோடும் முடியாது: உத்தரவில் குறித்த காலத்துக்குள் விடுவிப்பு மனு (கடனிலிருந்து விடுவிக்கக் கேட்கும் மனு) போடாவிட்டால் அறிவிப்பே ரத்தாகும். பலர் தோற்பது இந்த இரண்டாம் படியில்தான்.

இனி உதாரணக் கணக்குக்கு வருவோம். நகை அடகுக்காரர் கையில். ஈடு பெற்றவரை ஐ.பி. தடுக்காது. குழுக் கடனில் நீங்கள் விலகினால் கூட இருக்கும் பெண்களிடம் கேட்பார்கள். தனிநபர் கடனில் உங்களுக்கு விடுதலை கிடைத்தாலும் ஜாமீன்தாரருக்குக் கிடைக்காது. முழுப் பயன் புரோ நோட்டு ஒரு லட்சத்துக்கு மட்டும். அதற்கு விலையாக 50 சென்ட் தேயிலை நீதிமன்றத்திடம் போகும். இது கட்டுபடியாகாத வியாபாரம். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் தோட்டத்தை மனைவி பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதியிருந்தால் அதையும் ரத்து செய்யலாம். கடனுக்குக் கொடுத்த செக் திரும்பி வந்த வழக்கு குற்ற வழக்கு, ஐ.பி.யால் நிற்காது.

யாருக்குப் பொருந்தும்? நிலமில்லை, ஜாமீன்தாரர் இல்லை, ஐந்தாறு புரோ நோட்டு, அவற்றில் தீர்ப்பாகி நிறைவேற்று மனுவில் கைது வாரண்டு வரை வந்துவிட்டது என்பவருக்கு. அவருக்கு இது உண்மையான கேடயம். ஆனாலும் வக்கீலைப் பார்க்கும் முன் ஒன்று கவனியுங்கள்: சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு கூலித் தொழிலாளியின் கூலியையும், விவசாயியும் தொழிலாளியும் தாம் குடியிருக்கும் வீட்டையும் ஜப்தியிலிருந்து காக்கிறது, வீட்டை அதே கடனுக்கு அடமானம் வைத்திருந்தால் அந்தக் காப்பு இல்லை. மாதச் சம்பளக்காரருக்கு முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தப்பும். 19,000 சம்பளத்தில் அதிகபட்சம் 6,000தான் பிடிக்கலாம். எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவருக்கு, பிடிக்க எதுவுமே இல்லாத இடத்தில், ஐ.பி. செலவு வீண்.

கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

புரோ நோட்டுக்கு ஆயுள் மூன்று ஆண்டு. "சும்மா ஐந்நூறு கொடுத்துப் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்று மூன்றாம் ஆண்டு முடிவில் வருபவர், புதிதாக மூன்று ஆண்டு வாங்கிக்கொண்டு போகிறார். மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் ஆகியவற்றுக்கு 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பேரம் பேசும்போது இது உங்கள் பக்கத் துருப்பு. குழுக் கடன் வசூலுக்குக் காலை 9-க்கு முன்போ மாலை 6-க்குப் பின்போ அழைக்கக் கூடாது. மீறினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்.

எந்த வழியில் முடித்தாலும் நிலுவை இல்லாச் சான்று, கொடுத்த வெற்றுக் காசோலைகள், புரோ நோட்டு மூலப்பிரதி மூன்றையும் அன்றே வாங்குங்கள். அடமானப் பத்திரத்தை வங்கி 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்; அதன் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குச் சேரும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானம் தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரம் பதிவாகி, புது வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவு ஏறிய பிறகு கோப்பை மூடலாம்.