சித்தியை ஊசி வைத்தியத்துக்குக் கூட்டிப்போன நாள்

அம்மாவின் முதலாம் ஆண்டுத் திதிக்காக இந்த ஆடி மாதம் இலண்டனிலிருந்து ஊருக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தேன். பயணமும் திதியும் உறவுக்காரர் வீடுகளும் எல்லாம் நல்லபடியாகவே கழிந்தன. என்னை எழுத உட்கார வைத்தது இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரத்து அக்குபங்சர் (ஊசி வைத்திய) நிலையம் ஒன்றில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஒரு நிமிடம்கூட நீடிக்காத ஒரு சம்பவம். நாள்கள் போன பிறகும் அது நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது.

அம்மா போன பிறகு எனக்கு இரவில் தூக்கம் இல்லாமல் போயிற்று. குடும்ப டொக்டர் மனச்சோர்வுக்கான சேர்ட்ரலின் மாத்திரை எழுதித் தந்தார். பேச்சு வழிச் சிகிச்சைக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்த மாதங்களில், கூட வேலை செய்யும் தோழி ஒருத்தி தன் ஊசி வைத்தியரிடம் என்னை அனுப்பினாள். முதல் நாள் அந்தப் பெண் நாற்பது நிமிடம் பேச விட்டார். என்ன சாப்பிடுகிறேன், எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, அழுகை வருகிறதா, வராமல் தொண்டையில் நிற்கிறதா என்றெல்லாம் கேட்டு, நாக்கைப் பார்த்து, இரண்டு மணிக்கட்டிலும் நாடி பிடித்துப் பார்த்த பிறகே ஊசியை எடுத்தார். புருவ மத்தியில் ஒன்று, சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டு மடிப்பில் ஒன்று, காலில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒன்று என மயிரிழை போன்ற ஊசிகள். குத்தும்போது வலி இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் மந்தமாகக் கனக்கும். அந்தக் கனத்தைத்தான் சீன வைத்தியர்கள் ‘தேச்சி’ என்று சொல்லிக் காத்திருப்பார்கள். டொக்டர் தந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதை அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஆறாவது வாரத்தில் விடியற்காலை நான்கு மணி வரை தூங்கினேன்.

இதை அதிசயம் என்று யாருக்கும் விற்க நான் வரவில்லை. இங்கிலாந்தில் மனச்சோர்வு உள்ள 755 பேரை வைத்துச் செய்து 2013இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு அக்குபங்சரோ உளவளத்துணையோ சேர்த்துப் பெற்றவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட மூன்று மாதத்தில் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். ஆனால் 64 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டின் மதிப்பாய்வு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்டது, சான்றுகளின் தரம் குறைவு என்றே சொன்னது. ஊசியால் தேறினேனா, ஒருவர் பொறுமையாகக் கேட்டதால் தேறினேனா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே அறையில் எனக்குக் கிடைத்தன.

இனி சித்தியின் கதை. நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பத்து மூன்று வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். சித்தப்பா இறந்து இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து லயத்துக் காம்பிராவின் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு அறையின்) அடுப்படியில் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். “நெஞ்சுல கல்ல வச்ச மாதிரி இருக்கு புள்ள” என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் நெஞ்சு பாரம் என்றால் வாயு மாத்திரை கொடுப்பார்கள், பிரஷருக்கு வேறு மாத்திரை. நாங்கள் சிறுவயதில் கண்ட அதே நடைமுறைதான். அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன் என்றபோது, “அங்க போனா பைத்தியமுன்னு பேரு கட்டிருவாங்க” என்று கையை உதறிவிட்டார். ஊசி வைத்தியத்துக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். லயத்தில் முழங்கால் வலி, இடுப்பு வலி உள்ள பெண்கள் அங்கே போய்வருகிறார்கள்; அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மலையகத்தில் இந்த வைத்தியத்தின் மிகப் பெரிய நன்மை இதுதான் என்று எனக்குத் தோன்றியது. மனக்கஷ்டம் உள்ள பெண்ணும் முழங்கால் வலிக்காரியைப் போலவே வாங்கில் போய் உட்காரலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. மேசையில் துண்டு எழுதும் பிள்ளை வருத்தம் என்னவென்று கேட்டபோது, இலண்டன் பழக்கத்தில் நான்தான் தெளிவாகச் சொன்னேன்: கணவர் இறந்த துக்கம், தூக்கமின்மை, மனச்சோர்வு. அவள் எழுதிக்கொண்டாள். ஈரக் குடைகள் சுவரோரம் சாய்ந்திருக்க, பதினான்கு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதில் இரண்டு பெண்கள் தோட்டத்தில் சித்தியின் டிவிஷன்காரர்கள், அதாவது அதே பிரிவில் இருப்பவர்கள். முக்கால் மணி நேரம் கழித்து அந்தப் பிள்ளை எழுந்து நின்று, மழைச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி கூப்பிட்டாள்: “மனநோய்க்கு வந்தவங்க, பதினோராம் நம்பர், உள்ள வாங்க!”

யாரும் எழும்பவில்லை. அவள் துண்டைப் பார்த்து இன்னொரு முறை, இந்தத் தடவை சித்தியின் முழுப் பெயரையும் சேர்த்து, அதே சொல்லோடு கூப்பிட்டாள். பன்னிரண்டு முகங்கள் திரும்பின. சித்தி என்னைப் பார்க்கவில்லை. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, குடையைக்கூட எடுக்காமல் படியிறங்கி மழைக்குள் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். பின்னால் ஓடினேன். பஸ்ஸில் டிக்கோயா தாண்டும்வரை சித்தி வாய் திறக்கவில்லை. பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு, “என் பேரு போச்சு” என்றார், அவ்வளவுதான்.

இலண்டனில் வரவேற்பு மேசையில் பெயரை மட்டும் மெல்லச் சொல்லிக் கூப்பிடுவார்கள். காரணம் என் வாயிலிருந்தும் வைத்தியரின் கோப்பிலிருந்தும் வெளியே போகாது. ஊரில் எங்கள் பழைய கோடாங்கி ஊர் கூடியிருக்கும்போதுதான் உடுக்கையடித்துக் குறி சொல்வார், அப்போது யாரும் வெட்கப்படவில்லையே என்று என் தம்பி கேட்டான். அதை நிறைய யோசித்தேன். கோடாங்கி, யார் செத்தது, எப்போது, கடைசியாக என்ன பேசினாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். வெளியிலிருந்து ஏதோ வந்து உன்னைப் பிடித்திருக்கிறது என்பார். வந்தது போகும். நோய் குறி கேட்கப் போனவளின் பெயரோடு ஒட்டவில்லை. துண்டு எழுதும் பிள்ளையின் சொல்லோ சித்தியின் பெயருக்கு முன்னால் பட்டம் போல நின்றது. நோயாளி ஒருத்தியின் காரணத்தைச் சபையில் வாசிக்க எந்த வைத்தியசாலைக்கும் உரிமை இல்லை. இந்த விஷயத்தில் ‘ஊர் வழக்கம் அப்படித்தான்’ என்ற சமாதானத்தை நான் ஏற்கமாட்டேன்.

திங்கட்கிழமை தனியாகப் போனேன். குடையை அந்தப் பிள்ளை பத்திரமாக மடித்து மேசைக்கு அடியில் வைத்திருந்தாள். இருபது வயது இருக்கும், அவளும் தோட்டத்துப் பிள்ளைதான். “எல்லாரையும் அப்புடித்தான் மிஸ் கூப்புடுறது, முட்டி வலி வாங்க, இடுப்பு வலி வாங்கன்னு” என்றவள், சித்தி மழையில் நடந்ததைச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. என் கோபம் அவள்மேல் நிற்கவில்லை. அந்த முறையை வைத்திருந்தவர்மேல் நின்றது.

வைத்தியர் வயதானவர். கொழும்புக்குப் பக்கத்துக் களுபோவில ஆஸ்பத்திரியில் பேராசிரியர் அன்ரன் ஜயசூரிய அக்குபங்சர் கற்பித்த காலத்தில் அங்கே படித்தாராம். கூடத்தில் ஆறு கட்டில்கள், நடுவில் ஒரு திரைகூட இல்லை. என் முறைப்பாட்டைக் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, நானும் சிகிச்சை எடுத்துப் பார்க்கச் சொன்னார். தேர்ந்த கை. இலண்டனில் ஐம்பத்தைந்து பவுண்டுக்குக் கிடைப்பதற்கு அது ஒரு துளியும் குறைந்ததல்ல. ஊசி ஒவ்வொன்றையும் என் கண் முன்னால்தான் புது உறையிலிருந்து பிரித்தார். கட்டணம் 2,000 ரூபாய்; எனக்கு மலிவு, சித்தியின் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கும் மேல். ஆனால் ஊசிக்கு முன்னால் கேள்வி எதுவும் இல்லை. சீன வைத்தியத்தில் கோபம் ஈரலுக்கும், துக்கம் நுரையீரலுக்கும், பயம் சிறுநீரகத்துக்கும் உரியவை. எது என்று கேட்டறியாமல் ஊசி எங்கே போகும்? வயிறெரிகிறது, ஈரக்குலை நடுங்குகிறது என்று நாளெல்லாம் பேசும் நம் ஆட்களுக்கு இந்தக் கணக்கு புதிதா என்ன?

சித்திக்கென்று ஒரு பொட்டலம் தந்தார்: கோதுமை, அதிமதுரம், சீன இலந்தை சேர்ந்தது, துக்கத்தில் அழுது ஓயாத பெண்களுக்குச் சீனத்தில் நெடுங்காலமாகக் கொடுத்துவரும் கஷாயம். சித்தி பிரஷர் மாத்திரை குடிப்பவர் என்று நான் சொன்ன பிறகுதான் அதைத் திரும்ப வாங்கி வைத்தார். அதிமதுரம் தொடர்ந்து குடித்தால் இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஊரில் பெற்றோருக்கு இப்படிப் பொட்டலம் வாங்கிக் கொடுப்பவர்கள், அவர்கள் குடிக்கும் மாத்திரைகளின் பெயரை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டே போங்கள்.

புறப்படுவதற்கு முன்பு அடுப்படியில் உட்கார்ந்து சித்திக்கு ஒரு புள்ளியை மட்டும் காட்டிக் கொடுத்தேன். மணிக்கட்டு மடிப்பிலிருந்து அவருடைய மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு நரம்புக்கு நடுவே. அடுத்தவர் விரலால் அளக்கக் கூடாது, அவரவர் விரல்தான் அளவு. கொழுந்துக் கறை இறங்கிக் கறுத்து, நுனி வெடித்த பெருவிரலால் சித்தி அழுத்திப் பார்த்தார். முதலில் தப்பான இடம். பிறகு சட்டென்று முகம் மாறியது, “இங்கதான் வலிக்குது” என்றார். தேத்தண்ணீர் ஆறும்வரை அழுத்திக்கொண்டே, முதல் தடவையாக, சித்தப்பா கடைசி இரவில் தண்ணீர் கேட்டதைச் சொன்னார். நான் நடுவில் பேசவில்லை. தாங்க முடியாத இரவுகளுக்கென்று தேசிய மனநல உதவி எண்ணான 1926ஐயும் அவருடைய போனில் போட்டுவிட்டு வந்தேன்.

இலண்டன் வந்து வைத்தியருக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினேன்: நம்பரை மட்டும் கூப்பிடுங்கள், வருத்தத்தை உள்ளே கேளுங்கள், கட்டில்களுக்கு நடுவே திரை போடுங்கள். ஒன்பது நாள் கழித்து ஒரு படம் வந்தது: மூன்று கட்டில்களுக்கு நீலத் துணி தொங்குகிறது, கம்பி கொஞ்சம் சரிந்திருக்கிறது. சித்திக்குப் போன் எடுத்துச் சொன்னேன். வெகு நேரம் பேச்சில்லை. “நம்பர மட்டுந்தான் கூப்புடுவாங்களா?” என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம் என்றேன். தீபாவளி கழியட்டும், மழையும் விடட்டும், பார்ப்போம் என்றார்.