காயலான் கடை ஸ்டெப்னியில 6,300 ரூபாய் போச்சு, மீன் வண்டிக்காரங்க படிங்க

மண்டபம், பாம்பன், உச்சிப்புளிப் பக்கம் லோடு வண்டி ஓட்டுற எல்லாரும் இதை முழுசாப் படிச்சுருங்க. முந்தாநாள் ராத்திரி நடந்தது. இன்னும் மனசு ஆறல. கடைப் பேரை எழுதல. இராமநாதபுரத்துக்கு வெளிய ரோட்டோரமா இருக்கிற, பழைய வண்டிகளை உடைச்சு விக்கிற ஒரு காயலான் கடை. அவ்வளவு போதும். பழைய டயரை எப்படிப் பார்த்து வாங்கணும்னு கடைசியில விவரமா எழுதுறேன்.

என் பிக்கப் வண்டி ஸ்டெப்னியைத் தடைக்காலத்துல எவனோ கழட்டிட்டுப் போயிட்டான். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, என் வண்டியும் பாதி நாள் வாசல்லதான் நின்னுச்சு. கையில காசில்லாத நேரம். படகு இறங்கிட்டா மறுநாளே மதுரைக்கு லோடு கூப்பிடுவாங்க. ஸ்டெப்னி இல்லாம ராத்திரியில பரமக்குடி ரோட்டுல போக முடியுமா? புதுசுக்கு வழியில்லாமதான் காயலான் கடைக்குப் போனேன்.

அங்க என் வண்டி மாடலே ஒண்ணு, முன்பக்கம் நசுங்கிக் கிடந்துச்சு. கீழ குனிஞ்சு பார்த்தா ஸ்டெப்னி அப்படியே தொங்குது. டயர் மேல இருக்கிற பட்டன் தேயவே இல்ல. கடைக்காரர் ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்கார வச்சார். "அண்ணே, கம்பெனியில மாட்டின டயர், ஒருநாள் ரோட்டுல உருண்டதில்ல. நானும் பிள்ளைகுட்டிக்காரன், உங்ககிட்டப் பொய் சொல்லுவேனா? ஒரு வாரத்துக்குள்ள எதுவா இருந்தாலும் தூக்கிட்டு வாங்க, மறுபேச்சு பேசாமப் பணத்தைத் தர்றேன்"னார். டீ வாங்கிக் கொடுத்தார். பாடு எப்படி, நகரை மீன் வருதா, நண்டு என்ன விலைன்னு நம்ம வீட்டு ஆளு மாதிரி விசாரிச்சார். அந்தப் பேச்சுலதான் விழுந்தேன். 5,500 ரூபாய்க்கு முடிச்சோம். "கழட்ட ஆரம்பிச்சுப் பாதியில போயிடுறாங்கண்ணே, பணத்தை வச்சுருங்க"ன்னார். போன்ல அனுப்புறேன்னேன், டவர் கிடைக்காதுன்னார். ரொக்கமா எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்டதுக்கு ஒரு அட்டையைக் கிழிச்சு 5,500-ன்னு எழுதிக் கொடுத்தார். கடைப் பேர் இல்ல, தேதி இல்ல, கையெழுத்து இல்ல.

கழட்டினது நானும் என் தம்பி மகனும். பின்பக்க ஓட்டையில கம்பியை விட்டுத் திருகினா சங்கிலி தளர்ந்து ஸ்டெப்னி தானா கீழ இறங்கணும். நாங்க திருகினா கம்பிதான் சுத்துது, சங்கிலி அசையல. அதுவும் மீன் ஏத்தின வண்டி போல. பெட்டியில இருந்து வடியிற ஐஸ் தண்ணியும் உப்புக்காத்தும் சேர்ந்து மொத்தமும் ஒரே துருக்கட்டியாப் போயிருந்துச்சு. சங்கிலி நுனியில இருக்கிற தட்டு, டிஸ்க்கோட (டயர் மாட்டுற இரும்புச் சக்கரம்) நடு ஓட்டையில பத்த வச்ச மாதிரி ஒட்டிக்கிடந்துச்சு. டீசல் ஊத்தி ஊற வச்சோம். சம்மட்டியால தட்டினோம். உச்சி வெயில்ல, சேத்துல மல்லாக்கப் படுத்து நாலு மணி நேரம். கடைசியில கடைப் பையன் கிரைண்டர் கொண்டு வந்து சங்கிலியை அறுத்தான். அந்தச் சக்கரம் பையன் நெஞ்சுல விழுந்துறக் கூடாதேன்னு கீழ ரெண்டு பழைய டயரை நான்தான் அடுக்கி வச்சேன். அறுத்த கூலின்னு 800 ரூபாய் வாங்கினாங்க. ஆக மொத்தம் 6,300 ரூபாய்.

நாங்க கைகால் கழுவிட்டு வர்றதுக்குள்ள டிஸ்க்குக்கு சில்வர் பெயின்ட் அடிச்சு, டயருக்குக் கறுப்பு பாலிஷ் போட்டு நிறுத்தியிருந்தாங்க. நல்ல மனுசங்கன்னு நினைச்சேன். எதை மறைக்க அடிச்சாங்கன்னு இப்பதான் தெரியுது.

முந்தாநாள் ராத்திரி மீனும் ஐஸுமா லோடு ஏத்திக்கிட்டு மதுரைக்குக் கிளம்பினேன். சத்திரக்குடி தாண்டினதும் பின்டயர் பஞ்சர். அந்த ஸ்டெப்னியை மாட்டி ஓட்டினேன். பத்து கிலோமீட்டர்கூடப் போயிருக்காது, வெடிச்சுருச்சு. வண்டி ரோட்டை விட்டு இறங்கிப் புளியமரத்துக்கு நாலடி முன்னாடி நின்னுச்சு. பக்கத்துல என் தம்பி மகன் உட்கார்ந்திருந்தான். அவங்க அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

விடிஞ்சதும் பஞ்சர் கடைக்காரர் டயரைக் கழட்டிக் காட்டினார். தொங்கும்போது மேல்பக்கமா இருந்த பக்கம் பூராவும் வெடிப்பு. டிஸ்க்குல போல்ட் ஓட்டையைச் சுத்தித் துரு அரிச்சுத் தகடாப் போயிருக்கு, ஸ்க்ரூ டிரைவரால குத்தினா உதிருது. கீழ குனிஞ்சு பார்க்கிறவன் கண்ணுக்கு நல்ல பக்கம் மட்டும்தான் தெரியும். டயர்ல 2313-ன்னு நம்பர். 2013-ஆம் வருசம் 23-ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தமாம். ஐஸ் கரைஞ்சு, மார்க்கெட்டுக்கு நேரம் தப்பிப் போய், மீன் கேட்ட விலைக்குப் போச்சு. அந்த நஷ்டத்தை நான் இதுல சேர்க்கவே இல்ல. 6,300 ரூபாய் மட்டும்தான் கேட்டேன்.

வாங்கி ஆறாவது நாள் அது. போன் போட்டா "முதலாளி திருச்சிக்குப் போயிருக்கார்"னான் பையன். மறுபடி போட்டா எடுக்கல. நேத்து சாயங்காலம் நேர்ல போனேன். முதலாளி அங்கதான் உட்கார்ந்திருக்கார். ஸ்டூல் போடல, உட்காருன்னும் சொல்லல. "காயலான் கடையில யாருங்க வாரண்டி கொடுக்கிறது? பார்த்துத்தானே எடுத்தீங்க?"ன்னார். ஒரு வாரம்னு சொன்னீங்களேன்னேன். "அது டயருக்குச் சொன்னது, டிஸ்க்குக்கு இல்ல." டயரும்தானே வெடிச்சிருக்குன்னா, "நீங்க சம்மட்டியால அடிச்ச அடியில டிஸ்க் விட்டிருக்கும், அதுல டயர் போயிருக்கும்"னார். நாலு மணி நேரம் நாங்க சேத்துல கிடந்ததையே எங்க மேல பழியாத் திருப்பிட்டார். அட்டையைக் காட்டினேன். "இது யார் எழுத்துன்னு எனக்கு எப்படித் தெரியும்?" இதைக் கேட்டதும் எனக்கு வார்த்தையே வரல. பக்கத்துல நின்ன ஒருத்தர் "போங்கண்ணே, 6,300 ரூபாய்க்கு இவ்வளவு சத்தமா?"ன்னார். அவருக்கு அது சின்னக் காசா இருக்கலாம். என் மகளோட ஸ்கூல் பஸ்ஸுக்குக் கட்ட எடுத்து வச்ச காசு அது.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், லோடு ஏத்தக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. இதை மட்டும் மனசுல வைங்க. முழுசாக் கழட்டி ரெண்டு பக்கமும் பார்க்காமப் பணம் கொடுக்காதீங்க. டயர்ல அந்த நாலு நம்பரைத் தேடிப் படிங்க. புது பெயின்ட் அடிச்சிருந்தா சுரண்டிப் பாருங்க. கடைப் பேர் போட்ட பில் இல்லைன்னா திரும்பி வந்துருங்க. உங்க வண்டி ஸ்டெப்னியையும் மாசம் ஒருதடவை இறக்கிக் கழுவி, சங்கிலிக்கு கிரீஸ் வைங்க, இல்லைன்னா நம்ம ஊர் உப்புக்காத்துல அது இறங்கவே இறங்காது.

1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கு நாளைக்குப் பேசப் போறேன். அறுந்த சங்கிலியும் உதிர்ந்த டிஸ்க்கும் வண்டியிலயேதான் கிடக்கு. அதே கடையில யாராவது இதே மாதிரி ஏமாந்திருந்தா எனக்குச் சொல்லுங்க, சேர்ந்து புகார் கொடுக்கலாம்.