உவர்மலைப் பக்கம் பழைய வீட்டுச் சாமான் வாங்க வருபவரிடம் கவனம்

திருகோணமலையில் பழைய வீடு ஒன்றை விற்க ஒழுங்கு செய்கிறீர்களா? பிள்ளைகள் வெளிநாட்டில், தாய் தகப்பன் மட்டும் வீட்டில் என்றால் இதைக் கட்டாயம் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

என் பெரியம்மா கனடாவில் மகனோடு போய் இருக்கப் போகிறார். அதனால் உவர்மலை வீட்டுச் சாமான்களை விற்க வேண்டி வந்தது. புரோக்கர் ஒருவர் மூலம் கொழும்பிலிருந்து ஓர் ஆள் வந்தார். "மதிப்புப் போட்டுத் தாறன், விருப்பமெண்டா நானே எடுக்கிறன்" என்றார். மதிப்புப் போடுபவரும் வாங்குபவரும் ஒரே ஆள். மிச்சம் எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான்.

தேக்கு அலுமாரிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் ஊரில் எவரும் தராத விலை சொன்னார். பெரியம்மாவுக்கு ஆளில் நம்பிக்கை வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பீங்கான் சாமான் இருந்த கண்ணாடி அலுமாரியைத் திறந்தார். அதில் கருநீல நிறத்தில், சிவந்த மாதுளம்பழங்கள் போட்ட ஒரு பூச்சாடி இருந்தது. பெரியம்மாவின் தகப்பன் டொக்யாட்டில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை இங்கிருந்து போன நேரம், ஓர் ஆபிசரின் குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது வாங்கியது.

அந்தச் சாடியைக் கையில் எடுத்து அவர் சொன்னது: "அம்மா, இது ஜப்பான் கொப்பி. பாருங்க, முழுக்க வெடிச்சிருக்கு. பழசு எண்டு வச்சிருந்தா தொல்பொருள் ஆக்கள் வந்து பறிச்சிட்டுப் போயிருவாங்க." சொல்லிக்கொண்டே 'பட்டியலுக்கு' என்று அடியில் ஒரு நம்பர் ஸ்டிக்கரை ஒட்டினார். சரியாக அந்தச் சாடியின் முத்திரைக்கு மேல். கடைசியில் அந்த அலுமாரியில் இருந்த மொத்தச் சாமானுக்கும் ஒரே தொகையாகப் பேசி, எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். தந்த துண்டில் 'பழைய வீட்டுச் சாமான்கள்' என்று மட்டும் எழுதியிருந்தது.

அவர் சொன்னதில் ஒன்றுகூட உண்மையில்லை. எப்படித் தெரியும் என்றால், எது வேண்டும் என்று கனடாவில் இருப்பவர்கள் கேட்டதால் பேத்தி முன்னமே எல்லாச் சாமானையும் நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். சாடியின் அடியும் அதில் இருந்தது. மண்ணில் அழுத்திய 'மூர்குரொஃப்ட்', 'மேட் இன் இங்கிலாந்து' என்ற எழுத்துகள், பக்கத்தில் தூரிகையால் போட்ட கையெழுத்து.

வில்லியம் மூர்குரொஃப்ட் 1897இல் இங்கிலாந்தின் பர்ஸ்லம் ஊரில் வேறொரு கம்பனிக்கு வடிவமைக்கத் தொடங்கி, 1913இல் கோப்ரிட்ஜில் சொந்தத் தொழிற்சாலை போட்டவர். 1945இல் அவர் இறந்த பிறகு மகன் வோல்டர் நடத்தினார். அவர்களுடைய சாடியைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கலாம். கேக்கில் ஐசிங் பிழிவதுபோல, கூழாகக் கரைத்த களிமண்ணைக் கையாலேயே பிழிந்து பூவினதும் பழத்தினதும் கோடுகளைப் போட்டுவிட்டு, நடுவில் நிறம் நிரப்புவார்கள். விரலை ஓடவிட்டால் அந்தக் கோடு தட்டுப்படும். அச்சுப்படம் ஒட்டிய மலிவுச் சாடியில் அது இருக்காது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அச்சின் சின்னச் சின்னப் புள்ளிகள்தான் தெரியும்.

'வெடிப்பு' என்று அவர் காட்டியது மினுக்கப் பூச்சில் விழும் வலைக்கோடு. உள்ளே இருக்கும் மண்ணும் மேலே இருக்கும் பூச்சும் ஒரே அளவாகச் சுருங்காததால் வருவது. அது விலையைக் கொஞ்சம் குறைக்கும், உண்மைதான். ஆனால் வெடிப்பு என்பது உள்ளும் புறமும் ஒரே இடத்தில் ஓடும் கோடு. சாடிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபடும். ஒட்டிப் பூசி மறைத்த இடம் இருக்கிறதா என்று பார்க்க, கடைகளில் கள்ளநோட்டுப் பிடிக்க வைத்திருக்கும் ஊதா லைட்டை இருட்டில் பிடியுங்கள். திருத்திய இடம் பெரும்பாலும் வேறு நிறமாகத் தெரியும்.

தொல்பொருள் பயமுறுத்தலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தொல்பொருள் என்று சொல்வது 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள்களை. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் சாமானில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 1891இல்தான். 'மேட் இன் இங்கிலாந்து' என்று போடும் வழக்கம் பரவியது அதற்கும் பிறகு. அந்த முத்திரை உள்ள சாடியை எந்தத் தொல்பொருள் அதிகாரி வந்து பறிக்கப்போகிறார்? தனியாக இருக்கும் எழுபது வயது மனுசியிடம் சொல்கிற கதையா இது?

கொஞ்ச நாளில் அதே சாடி அவருடைய முகநூல் பக்கத்தில் விலைக்கு வந்தது. அவரே எழுதியிருந்தார்: 'மூர்குரொஃப்ட், மாதுளை வடிவம், வெடிப்பு இல்லை, திருத்தம் இல்லை.' பெரியம்மாவுக்கு முழு அலுமாரிக்கும் கொடுத்ததைவிடப் பல மடங்கு விலை. போனில் கேட்டோம். "வித்தது வித்ததுதான்" என்று வைத்துவிட்டார். பொலிஸில் முறைப்பாட்டை எழுதிக்கொண்டு மத்தியஸ்த சபைக்குப் போகச் சொன்னார்கள். போகிறோம். ஆனால் அந்தத் துண்டில் சாடி என்ற சொல்லே இல்லை.

ஆகவே விற்க முன் ஒவ்வொரு சாமானையும் அடிப்பக்கத்தோடு படம் எடுங்கள். இங்கிலாந்தின் ஏல நிறுவனங்கள் பல, படம் அனுப்பினால் உத்தேச மதிப்பை இலவசமாகச் சொல்கின்றன. மின்னஞ்சல் ஒன்று போதும். இணையத்தில் தேடும்போது ஆட்கள் கேட்கும் விலையை நம்பாதீர்கள். விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்கள். அடியில் பேர் இருப்பதெல்லாம் பொக்கிஷமும் இல்லை. பெரும்பாலான பழைய கோப்பை, தட்டுக்குப் பெரிய விலை கிடையாது. மேசை விளக்காக்க அடியில் துளை போட்ட சாடியின் விலை பாதிக்கும் கீழே போய்விடும். மொத்தமாக விலை பேசாதீர்கள். துண்டில் ஒவ்வொரு சாமானையும் அதன் விலையோடு எழுதச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அவருக்கு விற்க வேண்டாம்.

அந்த ஆள் போன கிழமை டைக் வீதிப் பக்கம் இரண்டு வீட்டில் விசாரித்திருக்கிறார் என்று கேள்வி. நடுத்தர வயது, மரியாதையான பேச்சு, கையில் ஸ்டிக்கர் சுருள். உங்கள் வீட்டிலும் இப்படிச் சாடி, கிண்ணம் இருந்தால் அடிப்பக்கப் படத்தை எனக்கு அனுப்புங்கள். தெரிந்ததைப் பார்த்துச் சொல்கிறேன். காசு வேண்டாம், எந்தச் சாமானையும் நான் வாங்கவும் மாட்டேன்.