பொடாவும் உபாவும்: எதில் மூச்சுவிட இடம் இருந்தது?

2004 செப்டம்பரில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா ரத்தானபோது பலரும் நிம்மதியடைந்தார்கள். ஆனால் அதே மாதம், அதன் பயங்கரவாதப் பிரிவுகளில் பெரும்பாலானவை 1967-ஆம் ஆண்டின் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான உபாவுக்குள் குடியேறிவிட்டன.

பொடாவில் மிக ஆபத்தானது வாக்குமூலப் பிரிவு. காவல் கண்காணிப்பாளர் நிலை அதிகாரி பதிவு செய்த ஒப்புதல் வாக்குமூலமே நீதிமன்றத்தில் சாட்சியமாகும். போலீஸ் காவலில் இருப்பவர் எந்த நிலையில் கையெழுத்துப் போடுவார் என்று சொல்லத் தேவையில்லை. உபாவில் இது இல்லை. அந்த மட்டில் நல்லது.

ஜாமீன் விஷயத்தில்தான் உபா கடுமையாகிறது. பொடாவில் ஓராண்டு சிறையில் கழிந்தால் ஜாமீனுக்கான தனிக் கெடுபிடி தளர்ந்தது. 2008 திருத்தத்தில் உபாவுக்குள் வந்த 43டி(5) பிரிவுக்கு அப்படிக் கால எல்லையே கிடையாது. போலீஸ் தரும் ஆவணங்களைப் பார்த்ததும் குற்றச்சாட்டு உண்மைபோலத் தோன்றினால் ஜாமீன் இல்லை. ஜாமீன் கட்டத்தில் சாட்சியங்களை நுணுகி எடைபோடக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பிறகு வாதாட என்ன மிச்சம்?

விடுதலைப் புலிகளை ஆதரித்த திருமங்கலம் பேச்சுக்காக 2002-இல் பொடாவில் கைதான வைகோ சுமார் 19 மாதங்கள் சிறையில் இருந்தார். அதுவே அநியாயம். ஆனால் பொடா மூன்றாண்டுக் கெடுவோடு வந்த சட்டம். உபாவுக்குக் கெடு இல்லை, 2019 முதல் அமைப்புகளை மட்டுமல்ல, தனிநபரையும் விசாரணைக்கு முன்பே பயங்கரவாதியாக அதன்படி மத்திய அரசு அறிவிக்கலாம். இரண்டில் உபாவையே நான் அதிகம் அஞ்சுகிறேன். விசாரணை வெகுவாக இழுத்தால் ஜாமீன் தரலாம் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2021 நஜீப் தீர்ப்புதான் இப்போதைக்கு முக்கியப் பிடிமானம்.